முன்னாள் படைவீரரும் மருத்துவச் சான்றும்

(ஊராட்சிப் பணியாளர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் பருத்தியும் மக்காச்சோளமும் முந்திரியும் விளைவிக்கும் குடும்பங்களில் இராணுவ சேவை புரிந்து திரும்பியோர் பலர் உளர். அவர்களுள் சிலர் உடற்குறையோடு திரும்பியவர்கள். அன்னாருக்கு உரிய ஊன ஓய்வூதியத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் முன்னாள் ஜவான் ஒருவர் நம்மை நாடி வந்தார். பணியின்போது முழங்காலில் பட்ட அடி அவரை விட்டு நீங்கவில்லை. களையெடுக்கக் குனிந்தால் நிமிர இயலாத நிலை. நாம் அவரை மருத்துவரிடம் அனுப்பிப் புதுச் சான்றிதழ் ஒன்று பெறச் செய்து, மனுவுடன் சேர்த்து அனுப்பினோம். மனு தள்ளுபடியாயிற்று, ஓராண்டு வீணாயிற்று. பிழை அவருடையதன்று, விவரம் அறியாத நம்முடையதே.

அச்சான்றிதழ் முழங்கால் இன்று எவ்வாறுள்ளது என்பதை மட்டுமே கூறிற்று. ஓய்வூதிய அதிகாரிகள் கேட்பனவோ மூன்று வினாக்கள். குறை யாது? அதன் அளவு எத்தனை சதவிகிதம்? அது பணியினால் உண்டானதா, அல்லது பணியினால் மிகுந்ததா? மூன்றாவது வினாவுக்கு விடை ஊர் மருத்துவரிடம் இல்லை. இராணுவப் பதிவேடுகளில் உள்ளது. சேர்க்கையின்போது நடந்த உடற்பரிசோதனை, காயம் பற்றிய அறிக்கை, இராணுவ மருத்துவமனைக் குறிப்புகள், விடுவிக்கும்போது கூடிய மருத்துவக் குழுவின் நடவடிக்கைகள் ஆகிய இவையே முதன்மையான சான்றுகள்.

ஓய்வூதிய விதிமுறைகள் குறை 20 சதவிகிதத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்கின்றன. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் முக்கியமான தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லையெனில், வீரர் நலமாகவே சேர்ந்தார் எனக் கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரரைச் சார்ந்ததன்று. மாறாகக் கூறும் மருத்துவக் குழு தக்க காரணங்களை எழுத வேண்டும். ஆகவே, குழு காரணம் எழுதியுள்ளதா என்பதை முதலிற் பாருங்கள். எனினும் 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணி நீங்கியோருக்குப் புதிய விதிகள் உள்ளன. அவர்கள் அவற்றையே அறிந்து மனுச் செய்தல் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவது யாது? பெட்டியடியிற் கிடக்கும் பணிவிடுப்புப் புத்தகத்தையும் மருத்துவத் தாள்களையும் எடுத்து நகல் செய்து வையுங்கள். தாள்கள் இல்லையெனில், படை எண், பதவி, பணிக்காலம் ஆகியவற்றைக் குறித்துத் தம் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்திற்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் வெலிங்டனில் உள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படியும் நகல் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழிகாட்டும். மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு; அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உண்டு.

காலந்தாழ்த்துவது நட்டமே. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில், வழக்குத் தொடுத்ததற்கு முந்திய 3 ஆண்டு நிலுவையே உச்சநீதிமன்றத்தால் அனுமதிக்கப்பட்டது. இல்லாத நோயை உண்டென எழுதுவித்தலும் தீது. ஒரு பொய்த்தாள் உண்மையான தாள்களையும் ஐயத்திற்குள்ளாக்கும். தரகருக்குப் பணம் தரவும் வேண்டா.

அந்த ஜவானின் மருத்துவக் குழு நடவடிக்கை நகல் பின்னர்க் கிடைத்தது. அதனைக்கொண்டு மேல்முறையீடு செய்துள்ளார், முடிவு வரவில்லை. ஆயினும் இம்முறை அவர் உரிய தாளோடு நிற்கின்றார். உங்கள் ஊரில் எழுதப் படிக்க இயலாத முதியவரோ, கணவரின் தாள்களைப் புரிந்துகொள்ள இயலாத விதவையோ இருப்பின், இவ்வாரமே ஒருமுறை அவர்கள் இல்லம் சென்று அத்தாள்களைப் பார்வையிடுங்கள். நாட்டிற்காக நின்றவர் தம் உரிமைக்காகத் தனித்து நிற்கலாகாது.