முளைக்காத விதை செத்த விதை இல்லை

(நாற்றங்கால் போடும் குழுக்களுக்காகக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நாங்கள் பேசியது)



போன கூட்டத்திலே ஒரு குழு சொன்ன வருத்தம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உயிர்வேலிக்கு ஆவாரங்கன்று வேணும்னு ஆர்டர் வந்தது. கடன் வாங்கி, பை வாங்கி, மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, விதையும் ஊன்றினாங்க. மூணு வாரம் தண்ணி ஊத்தியும் நூத்துக்குப் பத்துகூட முளைக்கலை. விதை சொத்தைன்னு முடிவு பண்ணி, பை மண்ணை எல்லாம் வேலியோரம் கொட்டிட்டாங்க. பின்னாடி மழை பெய்ததும் அந்தக் குப்பைமேட்டிலே ஆவாரஞ்செடி வரிசையா எட்டிப் பார்த்தது. விதை நல்ல விதைதான். ஆனா கடனுக்கு வட்டி கட்டினது அந்தச் சகோதரிகள்தானே? அதனாலேதான் இதைப் பத்தி இன்னைக்குப் பேச வந்தோம்.

பயறு ஊற வைக்கிறோம். காலையிலே பார்த்தா எல்லாம் உப்பியிருக்கும். நாலைந்து மட்டும் கல்லு மாதிரி கிடக்கும். அதுக்குள்ளே தண்ணி போகலை, அவ்வளவுதான் விஷயம். ஆவாரை விதையிலே பெரும்பகுதி இந்தக் கல்லுப் பயறு மாதிரிதான். தோல் தண்ணியை உள்ளே விடாது. விராலி விதையும் அப்படித்தான். இலந்தைக்கு விதைக்கு மேலே கெட்டியான கொட்டையே இருக்கு. நெல்லு, உளுந்து போல ஊன்றின நாலாம் நாள் முளைக்கணும்னு இதுகள்கிட்டே எதிர்பார்க்க முடியாது.

ஏன் இப்படி? நம்ம மானாவாரி பூமியை நினைச்சுப் பாருங்க. புரட்டாசியிலே ஒரு மழை பெய்யும். அப்புறம் இருபது நாள் வெயில் காயும். அந்த ஒரு மழைக்கே எல்லா விதையும் முளைச்சிருந்தா, எல்லாக் குருத்தும் கருகிப் போயிருக்கும். அதனாலே ஒரு செடி கொட்டுற விதையிலே கொஞ்சம் இந்த வருஷம் முளைக்கும், கொஞ்சம் அடுத்த வருஷம், மீதி அதுக்கும் அப்புறம். நாமும் குழுச் சேமிப்பு முழுவதையும் ஒரே ஆளுக்கு உள்கடனாகத் தூக்கிக் கொடுக்கிறதில்லையே. செடி அதை நமக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கு!

அந்தத் தோலை எது திறக்குது? முக்கியமா வெயில். கோடையிலே நிழல் இல்லாத தரை மதியத்திலே 50 டிகிரிக்கு மேலேகூடக் கொதிக்கும், ராத்திரி குளிரும். இப்படி மாறி மாறிச் சூடாகி ஆறி, தோலிலே மெலிசான இடம் விட்டுப்போகும். அந்த வழியாத்தான் மழைத் தண்ணி உள்ளே இறங்கும். மண்ணிலே கல்லு உரசினாலும் தேயும். சீமைக்கருவேலங்காயை ஆடு மாடு தின்னு, சாணி வழியா விதை விழுந்து முளைக்கிறதைத் தினமும் பார்க்கிறோம். கெட்டித் தோல் இருக்கிறதாலேதான் அந்த விதை வயித்துக்குள்ளே சாகாம வெளியே வருது. நல்லதுக்கும் அதே வழி, கெட்டதுக்கும் அதே வழி.

தோல் திறந்தாலும் மத்தது சரியா இருக்கணும். உப்புத் தண்ணி ஊத்தினா விதை தண்ணியை இழுக்க முடியாது. ஊறுகாய்க்கு எலுமிச்சங்காயிலே உப்புப் போட்டா காயிலிருந்து தண்ணி வெளியே வருதில்லையா, அந்தக் கதைதான். கிணறு உவர்ப்பா இருக்கிற ஊர்க்காரங்க முளைக்கிற வரைக்குமாவது ஊருணித் தண்ணி எடுங்க. செவ்வல் மண்ணிலே பலத்த மழைக்கு அப்புறம் மேலே பொருக்குத் தட்டும், சின்ன முளை அதை முட்டித் தள்ளாது. கரிசல்லே வெடிப்புக்குள்ளே விதை ஆழமாப் போயிடும். விதையோட பருமனைப் போல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆழம் போதும். விராலி போன்ற பொடி விதைக்கு மேலே மணலைத் தூவினாலே போதும். சித்திரை, வைகாசி வெயில்லே திறந்தவெளியிலே விதைக்க வேண்டாம். அந்தச் சூடு தோலைத் திறக்கும், ஆனா முளையைப் பொசுக்கிடும்.

இப்போ செய்முறை. தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பிலிருந்து இறக்கிடுங்க. விதையைப் போல அஞ்சு மடங்கு தண்ணி இருக்கணும். அதிலே ஆவாரை, விராலி விதையைப் போட்டு, ஆறவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்க. அடுப்பிலே வச்சு வேக வைக்கக்கூடாது, வெந்தா செத்துடும். (ஒரு அக்கா “சுண்டல் மாதிரியா?”ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லை!) காலையிலே உப்பின விதையைப் பொறுக்கி ஊன்றுங்க. உப்பாத விதைக்கு இன்னொரு தடவை இதே வைத்தியம். இலந்தைக்கு வெந்நீர் வேண்டாம். கொட்டையைச் சின்னச் சுத்தியலாலே மெதுவாத் தட்டி, ஓட்டை மட்டும் உடைச்சு, உள்ளே இருக்கிற பருப்பு நசுங்காம எடுக்கணும். உடைக்காம ஊன்றினா ரொம்ப நாள் காத்திருக்கணும். உடைச்சா ஏறக்குறைய ஒரு வாரத்திலே முளை தெரியும். கிளுவைக்கு இந்தப் பாடே இல்லை, போத்து வெட்டி நட்டாப் போதும்.

ஆனா ஒரு விஷயத்திலே எங்க குழுவுக்கு உறுதியான கருத்து உண்டு. வெந்நீர் வைத்தியம் நாற்றங்காலுக்கு மட்டும்தான் முழுசா. அங்கே தண்ணி நம்ம கையிலே இருக்கு. காட்டிலே, வேலி ஓரத்திலே நேரா விதைக்கிறதா இருந்தா பாதி விதைக்குச் செய்யுங்க, பாதியை அப்படியே கலந்து தூவுங்க. முதல் மழை ஏமாத்தினாலும் தூங்குற பாதி மண்ணிலே பத்திரமா இருக்கும். “எல்லாத்தையும் ஒரே சமயத்திலே முளைக்க வைக்கிற வைத்தியம்”னு கடைக்காரர் சொன்னா, மானாவாரிக் காட்டுக்கு அது நல்ல வைத்தியம் இல்லை.

கடன் விண்ணப்பம் எழுதுறதுக்கு முன்னாடி நூறு விதையை எண்ணி வெந்நீர் வைத்தியம் பண்ணி, ஈரத் துணியிலே சுருட்டி வையுங்க. துணி காயக்கூடாது. ரெண்டு வாரத்திலே அறுபது முளைச்சா, 3000 கன்றுக்குக் குறைஞ்சது 5000 விதை வேணும்னு கணக்கு. சாகிறதுக்குத் தனியாக் கொஞ்சம் சேர்த்துக்கணும். முளைக்காததைப் பிளேடாலே கீறிப் பாருங்க. உள்ளே கெட்டியா, வெளுப்பா இருந்தா அது தூங்குது. கறுத்தோ பொடியாவோ இருந்தா செத்தது. ஆவாரங்காயிலே வண்டு துளை போட்டது நிறைய வரும், அதை வாங்கும்போதே கழிச்சிடணும்.

ஐப்பசியிலே நட வேணும்னா ஆடியிலே பை நிரப்பியாகணும். நல்லாக் காய்ஞ்சு பழுப்பான காயாப் பறிச்சு, நிழல்லே உலர்த்தி, துணிப்பையிலே கட்டி, பறிச்ச ஊரும் தேதியும் எழுதின சீட்டை உள்ளேயே போட்டு வையுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு கைப்பிடி விதை கொண்டு வாங்க, இங்கேயே ஈரத் துணியிலே சுருட்டிப் பார்ப்போம்.