சிலம்பமும் ஷாவோலினும்

சீன நாட்டுக்குப் பயிற்சி பெறப் புறப்பட்டபோது என் மனத்தில் மாணவனுக்குரிய பணிவு சிறிதும் இருக்கவில்லை. பாட்டன் விட்டுச்சென்ற நிலத்தைப் பார்வையிடப் போகிறவனுடைய மிடுக்கு இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பேச்சைத் தொடங்க இயலாது.

என் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு. தோப்பின் ஓரத்தில் ஒரு மணல்மேடு. அதுதான் எங்கள் சிலம்பக்கூடம். கூடம் என்றதும் கூரையும் சுவரும் நினைவுக்கு வரவேண்டா. ஒரு விளக்கு, பத்துப் பன்னிரண்டு மூங்கில் கோல்கள், ஒரு வாத்தியார், அவ்வளவுதான். வாத்தியார் பகலில் கட்டுமரம் பிணைப்பார். பொழுது சாய்ந்ததும் கோலை எடுப்பார். நிமிர்ந்து நிற்பவனின் நெற்றியைத் தொடுமளவு கோல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சிறுவர்களாகிய நாங்கள் வளர வளரக் கோலும் மாறும். முதலில் மண்ணைத் தொட்டு வணக்கம், பிறகு காலடி, பிறகு வரிசை. வீச்சு என்பது நெடுநாளைக்குப் பிறகுதான். இரண்டு ஆண்டுகள் கற்றேன். இரண்டு வரிசைகள் கைவந்தன. அதற்குள் செங்கற்பட்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு வந்துவிட்டது. கோல் பரணுக்குப் போயிற்று.

காஞ்சியிலிருந்து கடல் கடந்து சென்ற பல்லவ இளவரசர் போதி தருமரே ஷாவோலின் துறவிகளுக்குக் குங்ஃபூ கற்பித்தார் என்னும் செய்தியை நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். 2011-ஆம் ஆண்டில் வந்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அவர் கப்பலேறிய துறை எங்கள் மாமல்லபுரமே என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். மறு ஆண்டே நான் புறப்பட்டேன். அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது.

ஹெனான் மாகாணத்தில் சோங் மலையின் அடிவாரத்தில் டெங்ஃபெங் என்னும் ஊர் இருக்கிறது. ஷாவோலின் மடம் அதன் அருகே. மடம் ஒன்றுதான், அதன் பெயரைச் சொல்லி நடக்கும் பள்ளிகள் பல. நான் சேர்ந்தது அப்படிப்பட்ட பள்ளிகளில் சிறிய ஒன்று. எட்டு வயதுப் பிள்ளைகள் முதல் இளைஞர்கள் வரை அங்கேயே தங்கிப் படித்தார்கள். வெளிநாட்டார் ஐந்தாறு பேர். எங்களுக்குத் தனி அறை. கட்டணமும் தனி, கூடுதலானது.

விடியுமுன் ஊதல் ஒலிக்கும். இருட்டில் மலைப்பாதையில் ஓட்டம். இறங்கும்போது படிகளில் கைகளையும் கால்களையும் ஊன்றித் தலைகீழாகத் தவழ்ந்து வரவேண்டும். நாலாவது படியிலேயே என் மணிக்கட்டு அழத் தொடங்கிவிட்டது. பிறகு நிலைகள். குதிரை நிலை என்று ஒன்று உண்டு. குதிரைமேல் அமர்ந்தவன்போல் தொடைகள் தரைக்குச் சமமாக இருக்கும்படி நிற்பது. நிற்பது மட்டுமே! வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு நிமிடம் கழிந்ததும் தொடை நடுங்கும். இரண்டாவது நிமிடத்தில் உலகத்தில் தொடையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தோன்றும். ஆசிரியர் நடுவே நடந்து வந்து, தாழாத முழங்காலைத் தம் கோலின் நுனியால் மெல்லத் தட்டுவார். முதல் மூன்று வாரங்களும் இதுதான் பாடம். 'குங்ஃபூ' என்னும் சொல்லுக்கே சண்டை என்று பொருளில்லை. காலமும் உழைப்பும் செலுத்தி அடைந்த திறமை என்றே பொருள். சமையல்காரனுக்கும் அது உண்டு, தச்சனுக்கும் உண்டு. இதை நான் அகராதியில் தெரிந்துகொள்ளவில்லை, தொடையில் தெரிந்துகொண்டேன்.

அங்கே உறவுமுறை ஒன்று இருந்தது. ஆசிரியரை 'ஷிஃபூ' என்று அழைக்க வேண்டும். நமக்கு முன்னே சேர்ந்தவன் எவனாயினும் அவன் அண்ணன், வயது கணக்கில்லை. எனக்கு அண்ணனாக வாய்த்தவனுக்குப் பன்னிரண்டு வயது. என் இடுப்புத் துணி கட்டியது சரியில்லை என்று அவிழ்த்துக் கட்டிவிடுவான்; உணவு மண்டபத்தில் ஆவியில் வெந்த ரொட்டியும் முட்டைக்கோசும் வாங்க வரிசையில் என்னைத் தனக்குப் பின்னால் நிறுத்துவான். தாய் தந்தையரை விட்டு வந்து நாலாண்டு ஆகிவிட்டது அவனுக்கு. இரவில் சில நேரம் தானே பேசிக்கொண்டிருப்பான். அவனுடைய மொழி எனக்குத் தெரியாது; எனினும் அந்தத் தொனி எந்த மொழியிலும் விளங்கக்கூடியதுதான்.

ஐந்தாம் வாரத்தில் என் செருக்கு வெளிப்பட்டது. எங்களுள் சீன மொழி அறிந்த ஒருவர் வாயிலாக ஆசிரியரிடம், "இந்த வித்தை எங்கள் நாட்டிலிருந்து வந்தது; எங்கள் ஊருக்கு அருகிலிருந்து வந்தவர்தான் உங்கள் முன்னோருக்குக் கற்பித்தார்" என்றேன். அவர் மறுக்கவில்லை. அங்கும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்; போதி தருமர் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கித் தவமிருந்ததாகச் சொல்லப்படும் குகையை மலைமேல் காட்டுகிறார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் இப்போதும் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். தாங்கியிலிருந்து ஒரு கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அவர்களுடைய கோல் மூங்கிலன்று. வெண்மையான, வளைந்து கொடுக்கும் ஒருவகை மரம். அடி பருத்து நுனி சிறுத்திருக்கும். கணு இல்லாத அந்தக் கோல் என் கைக்குப் புதிது. இருந்தாலும் மண்ணைத் தொட்டு வணங்கி முதல் வரிசையைப் போட்டேன். இரண்டாவதும் ஒருவாறு வந்தது. மூன்றாவது வரவில்லை, வருவதற்கு அது என்னிடம் இருந்தால்தானே? கோல் என் முழங்காலிலேயே பட்டுக் கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. நான் கால் மாற்றிய விதத்தை மறுபடியும் இரண்டு முறை செய்யச்சொல்லி உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மீதி எங்கே?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே மூன்று மாதம் முடிந்து ஊர் திரும்பினேன்.

திரும்பியபின் முதலில் செய்தது நூல்களைப் புரட்டியது. போதி தருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, லோயாங் நகரத்து விகாரங்களைப் பற்றி யாங் சுவான்ஜி என்பவர் 547-ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் பாரசீகர்; தமக்கு 150 வயது என்று தாமே சொல்லிக்கொள்கிறவர்; யுங்நிங் விகாரத்தின் கோபுர அழகைக் கண்டு கைகுவித்து நாள்கணக்கில் போற்றி நின்றவர். அவர் சீடர் வழியினரான தான்லின் என்பவர்தாம் அவரைத் தென்னிந்தியர், பேரரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறார். 645-இல் துறவியர் வரலாறு எழுதிய தாவோசுவான், தென்னிந்திய அந்தணர் என்கிறார். 1004-ஆம் ஆண்டு நூல் ஒன்றில் தந்தையின் நாடு 'சியாங்ஜி' என்று வருகிறது. அதைக் காஞ்சி என்று கொள்வார் உளர். இவற்றுள் பழையது எதிலும் போதி தருமர் கையை ஓங்கவில்லை.

ஷாவோலின் மடமோ, பாதுவோ என்று சீனர் அழைத்த வேறோர் இந்தியத் துறவிக்காக 495-ஆம் ஆண்டளவில் வேய் அரசர் கட்டுவித்தது. போதி தருமர் சீனம் வந்ததாக மரபு கூறும் ஆண்டு 527. மடத்தில் 728-ஆம் ஆண்டில் நாட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பின்னாளில் தாங் பேரரசனான லீ ஷிமின் என்பவனுக்கு 621-ஆம் ஆண்டுப் போரில் துணைநின்ற துறவியர் பதின்மூவர் பெயரை அது பொறித்து வைத்திருக்கிறது. போர்வித்தையைப் போதி தருமர் கற்பித்தார் என்ற பேச்சு அதில் இல்லை. அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூலின் முன்னுரையில் 628 என்று ஆண்டு போட்டிருக்கிறது. ஆனால் நூல் பிறந்தது 1624-இல் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. கதையின் வேர் இவ்வளவு ஆழமற்றது என்பதைச் சீன அறிஞர் தாங் ஹாவ் என்பவரே 1930-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிவிட்டார். படித்து முடித்தபோது, பாகப்பத்திரம் செல்லாது என்று வக்கீல் சொல்லக் கேட்டவன்போல உட்கார்ந்திருந்தேன்.

எனினும் அந்த வழியில் ஒரு புதையல் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யூ என்பவர் ஷாவோலின் கோல்வித்தையைப் பற்றி ஒரு நூல் செய்தார். அவர் துறவியல்லர், வெளியூரிலிருந்து வந்து பத்தாண்டுகளுக்குக் குறையாமல் மடத்தில் கற்றவர். அவர் காலத்தில் ஷாவோலினுக்குப் பெரும்புகழ் தந்தது கோல்தான். வெறுங்கைச் சண்டை அப்போது நாடெங்கும் பரவவில்லை என்று அவரே எழுதுகிறார். அந்தக் கோல்வித்தைக்கு மூலபுருஷர் யார்? போதி தருமர் அல்லர். ஒரு மடைப்பள்ளி ஆள்! பகைவர் மடத்தைச் சூழ்ந்தபோது அடுப்புக் கோலை ஏந்தி, பேருருவம் கொண்டு வெளிப்பட்டு அவர்களை ஓட்டினாராம். பின்னரே அவர் கின்னரர் என்று தெரிந்ததாம். சீன மொழியில் 'ஜின்னலுவோ' என்கிறார்கள். நம்முடைய கின்னரர்தாம். பௌத்த நூல்களோடு போன சொல் அது.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறைக்கு முன்னே நின்று பாருங்கள். பாதி மனித உருவும் பாதிப் பறவை உருவுமாகக் கின்னரர் இணையிணையாக வருவதைக் காணலாம். 2019 அக்டோபர் 11-ஆம் நாள் சீன அதிபரும் நம் பிரதமரும் அந்தப் பாறையைத்தான் பார்த்து நின்றார்கள். சொல் கடல் கடந்தது உண்மை. கோலும் கடந்தது என்பதற்குச் சான்று இல்லை. நான் மறுபடியும் பாகம் கேட்கப்போவதில்லை.

கற்றவர் கதை ஒன்றுக்கு மட்டும் சான்று வலிமையாக இருக்கிறது. அதில் மாணவர் சீனர். யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது 640-ஆம் ஆண்டளவில். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் அங்கே இருந்ததாக எழுதிவைத்தார். காஞ்சி தருமபாலர் பிறந்த ஊர் என்றும் குறித்தார். அந்தத் தருமபாலரின் மாணவர்தாம் நாலந்தாவின் தலைவரான சீலபத்திரர். அவர் காலடியில் அமர்ந்து ஒரே நூலைப் பதினைந்து மாதம் பாடங்கேட்டவர் யுவான் சுவாங். நாடு திரும்பிய 645-இல் அவர் கொண்டுசென்ற சுவடிகள் 657. எல்லையைக் களவாகக் கடந்து வந்தவர் மீதியையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

நூல்களை மூடிவிட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். இருபது ஆண்டுகள் கழித்துப் போகிறேன். இறவாரத்தில் கோல்கள் செருகியிருந்தன. சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. கண்ணில் புரை விழுந்திருந்ததால் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டார். கற்பவர் யாருமில்லாமல் மணல்மேடு ஆறேழு ஆண்டுகளாகச் சும்மா கிடப்பதாக அவர் மனைவியார் சொன்னார்.

"மீதியைச் சொல்லிக்கொடுங்கள், வாத்தியாரே" என்றேன்.

"எங்கேடா விட்டோம்?"

"ரெண்டாவது வரிசையிலே."

"அதெல்லாம் இந்நேரம் மறந்திருக்கும். காலடியிலேயிருந்து ஆரம்பி" என்றார். கோபமில்லை, நேற்று வராதவனிடம் பேசுவது போலவே பேசினார். திண்ணையில் அமர்ந்தபடி, என் கால் மணலில் தேயும் ஓசையைக் கொண்டே பிழை சொன்னார். குதிரை நிலையில் மூன்று மாதம் நின்ற முழங்கால் கொஞ்சம் உதவியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "இதை எங்கே கத்துக்கிட்டே?" என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். "நல்லாத்தான் நிறுத்தியிருக்கான்" என்றார். அந்தப் பாராட்டு எனக்குரியதன்று.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்க்குரிய ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் 2021-இல் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகள் மறுபடி மணல்மேட்டுக்கு வருகிறார்கள், பெண்பிள்ளைகளே மிகுதி. சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்கும் பெற்றோரும் வருகிறார்கள். வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதில் குறை தோன்றவில்லை. மடத்தில் பாடங்கேட்டவர் எல்லோரும் முக்திக்காகவா கேட்டிருப்பார்கள்?

சென்ற தை மாதத்தில் மாமல்லபுரத்தில் தங்கியிருந்த வெளிநாட்டார் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆறடி உயரம். அவருக்கு ஏற்ற கோல் இல்லாமல் திருக்கழுக்குன்றம் வரை போய் மூங்கில் தேட வேண்டியதாயிற்று. அவருக்கு முன்னே சேர்ந்த பத்து வயதுப் பெண்ணொருத்தி அவர் பாதத்தைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்து, "இந்த வித்தைதானே இங்கிருந்து சீனத்துக்குப் போயிற்று?" என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். திண்ணையை விட்டு மணலுக்கே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த வாத்தியாரும் காதைச் சாய்த்தார்.

"முழங்காலை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள்" என்றேன்.