ஒரு வாக்கெடுப்பும் நம்ம பிரஜாவுரிமையும்

(லிந்துலையில் தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இந்தக் குளிரிலும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேசப் போவதில்லை. "அரசியல் யாப்பெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று லயத்திலே நாமே பேசிக்கொள்கிறோம். எதுக்கு என்பதை நம்ம கதையே சொல்லும்.

1945 நவம்பரில் கொழும்பு அரசாங்க சபையில் ஒரு விவாதம் நடந்தது. சோல்பரி ஆணைக்குழுவின் சிபாரிசுகளையொட்டி பிரித்தானியா வெளியிட்ட வெள்ளை அறிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்பதே கேள்வி. ஏற்போம் என்று டி.எஸ். சேனாநாயக்க பிரேரணை கொண்டுவந்தார். முழுச் சுதந்திரம் இல்லைதான், கிடைப்பதை வாங்கிக்கொண்டு மேலே போவோம் என்பது ஆதரித்தவர்களின் வாதம். ஓர் இனத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்ற தடை இருப்பதால் சிறுபான்மையோர் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

யார் பிரஜை, யாருக்கு வாக்கு என்பதை நாளைய அரசாங்கத்தின் கையில் விட்டால் தோட்டத்து ஜனங்களின் கதி என்ன? இது எதிர்த்தவர்களின் கவலை. 51 பேர் ஆதரித்தார்கள், 3 பேர் எதிர்த்தார்கள். அந்த மூவரில் இருவர் இந்திய வம்சாவளி மக்களின் பிரதிநிதிகள்.

1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் போனார். 1948 பெப்ரவரியில் சுதந்திரமும் வந்தது. ஆதரித்தவர்கள் சொன்னது அந்த மட்டில் பலித்தது. ஆனால் அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலில் நம்மவர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

அந்தத் தடை என்னாச்சு என்று கேட்பீர்கள். 29ஆம் பிரிவில் அது இருக்கத்தான் செய்தது. ஆனால் சட்டம் நம்ம பேரைச் சொல்லவில்லை. இங்கே பிறந்தவனிடம், தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று மட்டும் கேட்டது. லயத்துக் காம்பராவில் பூட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. பிறகு 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற நிலை முடிந்தது. 55 வருஷம்!

புதிய யாப்பு என்ற பேச்சு இந்த நாட்டில் அடிக்கடி எழும். எந்தக் கட்சி வந்து ஆதரிக்கச் சொன்னாலும், எதிர்க்கச் சொன்னாலும், நாம் இரண்டு கேள்வி கேட்போம்: நம்ம உரிமை அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா? அதைப் பறித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அதுவரை பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பில் பேர், இந்த மூன்றையும் வீடுதோறும் சரிபார்ப்போம். பேர் விடுபட்டிருந்தால் உடனே கிராம சேவகரைப் பார்ப்போம். நம்ம பெரியவர்கள் ஒரு பத்திரம் இல்லாமல் பட்ட பாடு, நம்ம பிள்ளைகளுக்கு வேண்டாம்.