பல்லாவரம் பாறையும் பள்ளிக்கரணைச் சேறும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



வேதியியலை வாழ்நாளெல்லாம் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. கார்பனைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். வைரம், கிராஃபைட் என்று தொடங்குவது பாடநூல் வழக்கம். நான் சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து தொடங்குகிறேன்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நாம் பார்க்கும் குன்றுகள் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். நம் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள்: நீலம் கலந்த கருமை, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. அதன் எடையில் பெரும்பகுதி ஆக்சிஜனும் சிலிக்கானும்.

புவியோட்டின் எடையில் சிலிக்கான் சுமார் 28 விழுக்காடு. கார்பனோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. இரண்டும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி. இரண்டுக்கும் இணைதிறன் நான்கு. கைக்கெட்டும் இடமெல்லாம் குவிந்து கிடக்கும் சிலிக்கானை விட்டுவிட்டு, உயிர் ஏன் அரிதான கார்பனைப் பற்றிக்கொண்டது?

கார்பன் தன்னோடு தானே இணைந்து நீண்ட சங்கிலியாகும் என்பது வழக்கமான விடை. சரியான விடையும்கூட. கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க மோலுக்கு 346 கிலோஜூல் வேண்டும். சிலிக்கான்–சிலிக்கானுக்குச் சுமார் 222 போதும். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஆக்சைடில் இருப்பதாக நான் கருதுகிறேன். ஆக்சிஜனோடு சேர்ந்த சிலிக்கான் மணலாகவும் பாறையாகவும் இறுகிவிடுகிறது. ஆக்சிஜனோடு சேர்ந்த கார்பன் காற்றில் கலக்கிறது, நீரில் கரைகிறது, இலைத்துளைக்குள் நுழைகிறது. எரிந்த பின்னும், செரித்த பின்னும், மக்கிய பின்னும் அடுத்த உயிருக்குக் கிடைக்கிறது. இப்படித் திரும்பி வருவதால்தான் கொஞ்சமாக இருந்தும் அது போதுமானதாகிறது. தென்னிந்தியச் சார்னோகைட் பாறைகளின் படிகங்களுக்குள், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மிகச் சிறு குழிகளில், பழங்காலக் கார்பன் டை ஆக்சைடு அடைபட்டிருக்கிறது. அது இந்தச் சுழற்சிக்கு வெளியே நிற்கிறது.

சுழற்சிக்குள் இருக்கும் கார்பனைப் பார்க்க இனித் தாம்பரம் போவோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டு இங்கே வந்தபோது கிடைத்தது சேலையூரின் புதர்க்காடு. அந்த வளாகத்தை மரங்கள் சூழ்ந்த இடமாக்கியதில் எட்வர்ட் பார்ன்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் வேதியியல் பேராசிரியர். தாவரவியல் அவருடைய காதல். தென்னிந்திய மலைகளின் செடிகளைத் தேடித் தேடி விவரித்தவர். 1941இல் மறைந்தார். ஒரு வேதியியலாளர் மரம் வளர்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது முழுவதும் காற்றிலிருந்து வந்தது. அந்தக் காற்றிலோ பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு நான்கு சொச்சம்தான் கார்பன் டை ஆக்சைடு. அதைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, நொடிக்கு ஒரு சில மூலக்கூறுகளை மட்டுமே கையாளும் மந்தமான நொதி. ஆகவேதான் இலைகளில் அது அவ்வளவு ஏராளமாக இருக்க வேண்டியிருக்கிறது.

மரம் விழுந்தால் கரையானும் பூஞ்சையும் அந்தக் கார்பனைச் சில ஆண்டுகளில் காற்றுக்கே திருப்பிவிடும். தப்புவதில் ஒரு பகுதி மழைநீரோடு போகிறது. எங்கே? சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக் கழுவெளி என்னும் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல்.

கழுவெளியில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். தேங்கிய நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சேற்றின் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. மடிந்த கோரையும் சம்பும் அங்கே அரைகுறையாகவே மக்குகின்றன. கார்பன் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகிறது. சேற்றைக் குச்சியால் கிளறினால் குமிழி வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடலிலிருந்து வரும் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. அவை வலுவாக இருக்கும் இடத்தில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இரை குறைகிறது. உப்புத்தன்மை குன்றி, கழிவுநீரும் குப்பைச்சாறும் வந்து சேர்ந்தால் நிலைமை மாறி மீத்தேன் பெருகும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சேற்றை வடித்து உலர்த்தினாலும் நன்மை இல்லை. ஆக்சிஜன் உள்ளே புகுந்து, நெடுங்காலம் சேர்ந்த கார்பனை விரைவாக வெளியேற்றிவிடும்.

ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த நிலம் இது. சாலைகளும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் அதன் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தன. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. சுற்றுவட்டாரம் புகையில் திணறியது. அதே 2022இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கீகாரம் மகிழ்ச்சியே. ஆனால் சேற்றில் கார்பன் தங்குவதும் வெளியேறுவதும் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் பொறுத்தது. வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவதால் மட்டும் இவை காக்கப்படுவதில்லை.

இந்தப் புறநகர்க் கல்லூரிகளின் வேதியியல் துறைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மண்ணின் கரிமக் கார்பனை அளக்கும் வாக்லி–பிளாக் முறை 1934இலிருந்து இருக்கிறது. பொட்டாசியம் டைகுரோமேட், அடர் கந்தக அமிலம், ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட், ஒரு பியூரெட்: இளநிலை ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். கழுவெளி மண்ணில் குளோரைடு மிகுதி. அதுவும் டைகுரோமேட்டைத் தின்று கார்பன் அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே அமிலத்தில் வெள்ளி சல்ஃபேட் சேர்க்க வேண்டும். மாதிரியை நன்றாகக் காற்றில் உலர்த்திய பிறகே எடை போட வேண்டும். இல்லையென்றால் ஃபெரஸ் இரும்பும் சல்ஃபைடும் கணக்கைக் கெடுக்கும். குரோமியக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேகரிக்க வேண்டும்.

வனத்துறையிடம் அனுமதி பெற்று, கோரை நிற்கும் ஈரச் சேற்றிலும் சாலையோரம் உலர்ந்துபோன ஓரத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒரே ஆழத்தில் மாதிரி எடுங்கள். ஆண்டுதோறும் அந்த ஆண்டு மாணவர்கள் அதே இடங்களில் எடுக்கட்டும். எண்களைத் துறைப் பதிவேட்டில் எழுதி, நீர்வளத்துறைக்கும் மாநகராட்சிக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள்.