படுக்கும் முன் இரண்டு நிமிடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு அங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பல் துலக்காமல் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க விடாத அம்மாக்கள் நம் வீடுகளில் உண்டு. அதே வீட்டில் இரவு பத்து மணிக்கு மைலோவைக் குடித்துவிட்டுப் பிள்ளை நேராகப் படுக்கைக்குப் போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. தோட்டப்புறத்தில் உமிக்கரியும் வேப்பங்குச்சியும் கொண்டு பல் விளக்கிய காலத்திலிருந்தே, குளிப்பது, திருநீறு பூசுவது போல் பல் துலக்குவதும் நமக்குக் காலைக் கடன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல்லுக்கு ஆபத்தான நேரம் இரவுதான்.

நான் பல் மருத்துவர் அல்ல, நிகழ்ச்சி படைப்பவள். முகத்தில் உள்ள பருவை ஒப்பனை மறைத்துவிடும், பல்லை மறைக்காது. ஆகவே எனக்கு இதில் கொஞ்சம் தொழில் அக்கறையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவையும் வாயில் உள்ள கிருமிகளும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு அவை வெளியிடும் அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கழுவிவிடுகிறது. தூங்கும்போதோ உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. காவலாளி இல்லாத வீடு மாதிரி, விடியும் வரை வாய் கிருமிகளின் வசம்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது யார் தெரியுமா? பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகள். பாலிலும் சர்க்கரை இருக்கிறது. குழந்தை உறங்கியதும் விழுங்குவது நின்று, பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ்வரிசை முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு காப்பாற்றிவிடும். அதனால்தான் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் சிலர் சிரிக்கும்போது மேல் பற்கள் மட்டும் கறுத்து, கரைந்து தெரிகின்றன. முதலில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும். அப்போதே கவனித்தால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பழுப்பாகும் வரை காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

“விழுகிற பல்தானே” என்பார்கள். பாலகக் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, அடுத்து முளைக்கும் பல் கோணலாகிவிடும். அதைவிட, பல்வலியில் இரவெல்லாம் அழுத பிள்ளை மறுநாள் பள்ளியில் எதைப் படிக்கும்?

அம்மாவுக்கு இரவு நேர வேலை. பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்ற வீடுகள் ஏராளம். புட்டி கொடுத்தால்தான் பிள்ளை தூங்குகிறது, பாவம் அந்தப் பாட்டி என்ன செய்வார்? ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. பாலை முன்கூட்டியே கொடுத்து, பல் துலக்கிவிட்டு, பிறகு தூங்க வையுங்கள். புட்டி இல்லாமல் முடியாதென்றால் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். இரண்டு மூன்று வாரம் அடம் இருக்கும். டின் பாலையோ தேனையோ தொட்டு வாயில் வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள்.

ஃபுளோரைடு கலந்த பற்பசைதான் வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் உடன் நின்று துலக்கிவிட வேண்டும். “துலக்கிட்டியா?” என்று வரவேற்பறையிலிருந்து குரல் கொடுப்பது கணக்கில் சேராது. குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்ப்பதை நம் அரசாங்கம் 1972-இல் கொள்கையாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அது தூரிகையின் வேலையைச் செய்யாது.

இனி பெரியவர்கள். மாமாக் கடையில் பந்து பார்த்தபடி தே தாரேக் குடித்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்களே, களைப்பாக இருந்தாலும் இரண்டு நிமிடம். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் இரவில் பல்லைக் காக்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும்; ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பொய்ப்பல் அணியும் தாத்தா பாட்டிமார் இரவில் அதைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வடிவம் மாறிவிடும்.

குழந்தையை எப்போது பல் மருத்துவரிடம் முதலில் காட்டுவது என்று கேட்கிறார்கள். முதல் பல் முளைத்ததும் காட்டலாம். முதல் பிறந்த நாளைத் தாண்ட விட வேண்டாம். அரசாங்கப் பல் மருத்துவ நிலையங்களிலேயே பார்க்கிறார்கள்.