மலைவீட்டுக்கு ஒரு டிரெட்மில்

ஜூனில் மழை பிடித்துவிட்டால் லவ்டேலில் காலை நடை நின்றுபோகும். 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. அதனால் நடுத்தர விலையில் ஒரு டிரெட்மில் வாங்க நினைக்கிறீர்களா? முதலில் மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்சக் குதிரைத்திறன். அது சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்பதுதான் கணக்கு. நடக்க மட்டும் என்றால் 1.5 முதல் 2 போதும்.

உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு கடையிலேயே பத்து நிமிடம் நடந்து பாருங்கள். கால் வைக்கும்போது பெல்ட் தயங்கினால் அந்த மெஷின் வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். சுவரை ஒட்டிப் போடாதீர்கள். அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டுக்கு அடியில் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது.