மறதி நோயுற்ற முதியோரும் மாத்திரைக்கு முந்திய வழிகளும்
(பங்கு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேச்சாளர் அல்ல. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் உதவி செய்கிறேன். ஆகவே கண்டதையே சொல்கிறேன்.

அங்கே ஒரு பாட்டி. பொழுது சாய்ந்தால் போதும், "மாடு கட்டணும், அவரு வந்துடுவாரு, வீட்டுக்குப் போறேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் உண்மையைச் சொன்னேன்: "உங்க வீட்டுக்காரர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு பாட்டி." அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல் மாரடித்து அழுதார். மறுநாளும் சொன்னேன், அதே அழுகை. ஒருத்தியைத் தினந்தோறும் புதிதாக விதவையாக்குகிறேன் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

பிறகு மாத்திரை கொடுக்கப்பட்டது. அமைதியானார்; நடையும் தள்ளாடியது. ஒரு விடியற்காலையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறதி நோயுள்ள முதியோருக்கு இவ்வகை மனநோய் மருந்துகளால் மரண ஆபத்துக் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. ஆனால் குழப்பம் திடீரென்று கூடினால், சிறுநீரில் தொற்றா, மலச்சிக்கலா, பல்வலியா, தண்ணீர் குடிக்கவில்லையா என்று முதலில் பாருங்கள். அவர்களால் சொல்லத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

ஒரு தாத்தா நாளெல்லாம் "நீள்ளு, நீள்ளு" என்று கத்தினார். தென் மாவட்டத்திலிருந்து வந்த பணிப்பெண், யாரோ பேத்தியைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தாள். தெலுங்கு தெரிந்த சமையற்கார அம்மா வந்துதான் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். நம் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் எத்தனை! பிந்திக் கற்ற தமிழ் முந்தி நழுவுகிறது.

சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம், இங்கிலாந்தில் உருவான ஒரு குழுப் பயிற்சியைத் தமிழருக்கேற்ப மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறது. வாரம் இருமுறையாக 14 அமர்வுகள். சிலராகக் கூடி உட்கார்ந்து பாட்டு, சாப்பாடு, சிறுவயது பற்றிப் பேசுவார்கள். தேர்வுபோல், "இது யார், சொல்லுங்கள்" என்று கேட்டு மடக்குவதில்லை. நம் வீடுகளில் விருந்தாளிகள் செய்யும் தவறு அதுதான்.

எங்களுக்குக் கைகொடுத்தது புளி. தருமபுரிப் பக்கம் புளி தட்டாத கிழவி உண்டா? அந்தப் பாட்டி எழுந்து உட்காரத் தொடங்கியதும், மாலை நான்கு மணிக்கு முறத்தில் புளியை வைத்தோம். கை தானாகவே நாரையும் கொட்டையையும் எடுத்தது. பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தார்கள், பேச்சு வந்தது. சில நாள் அப்போதும் அழுதார், பொய் சொல்வானேன்?

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் பங்கிலும் இருப்பார்கள். பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும்போது மருத்துவச் சீட்டோடு இன்னொரு தாளும் கொண்டு வாருங்கள். என்ன தொழில் செய்தார், எந்த மொழியில் வளர்ந்தார், எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார், களி பிடிக்குமா, சோறு பிடிக்குமா என்று எழுதுங்கள். பாட்டியின் பசுவுக்கு லட்சுமி என்று பெயர். அதை அவர் மகன் சொல்ல எட்டு மாதமாயிற்று. அன்று முதல் பொழுது சாயும்போது, "லட்சுமிக்குத் தண்ணி காட்டியாச்சா பாட்டி?" என்று கேட்போம். "காட்டிட்டேன்" என்பார். கதவை விட்டுச் சாப்பிட வருவார்.